நேரில் வந்து நிற்கட்டும்

தமிழ்நாட்டில் துப்பாக்கி வாங்க நினைப்பவர் கடைக்குப் போவதற்கு முன்னால் ஏறி இறங்க வேண்டிய படிகள் பல. மாவட்டங்களில் ஆட்சியரும் சென்னை மாநகரில் காவல் ஆணையரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வகுத்த ஏ-1 படிவம் பெயர், முகவரி, தொழிலோடு நின்றுவிடுவதில்லை. முன்பு எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா, நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுத்ததுண்டா, வேறெங்காவது விண்ணப்பித்து மறுக்கப்பட்டதுண்டா, குடும்பத்தில் வேறு யாரிடமாவது ஆயுத உரிமம் இருக்கிறதா, துப்பாக்கியையும் தோட்டாவையும் பத்திரமாக வைக்க இடம் உண்டா என்றெல்லாம் கேட்கிறது. உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் மருத்துவரின் சான்று வேண்டும். ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கும் சான்று வேண்டும். மனு உள்ளே போனதும் கோப்பு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் போய், படிப்படியாக உள்ளூர் ஸ்டேஷனுக்கு இறங்கும். வருவாய்த் துறையிடமிருந்து ஓர் அறிக்கை வரும். காட்டை ஒட்டிய ஊர் என்றால் வனத்துறையின் கருத்தும் கேட்கப்படும். ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருவார், தெருவில் விசாரிப்பார், பழைய வழக்குப் பதிவேட்டைப் புரட்டுவார். கடைசியில் விண்ணப்பதாரர் அதிகாரியின் எதிரில் வந்து நின்று, எதற்காகத் துப்பாக்கி வேண்டும் என்பதைத் தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

அரசுச் சேவைகள் ஒவ்வொன்றாகக் கைபேசித் திரைக்குள் வந்துகொண்டிருக்கும் காலத்தில், இவ்வளவு அலைச்சல் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆயுத உரிமங்களுக்கென்று தேசியத் தரவுத்தளம் வந்துவிட்டது. ஒவ்வொரு உரிமதாரருக்கும் தனி அடையாள எண் உண்டு. படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம். மிச்சமிருக்கும் நேரடி விசாரணையையும் ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நியாயமான எரிச்சல் இருக்கிறது. ஆனாலும் இந்த நடைமுறையில் வேறு எதைச் சுருக்கினாலும், ஆள் நேரில் வந்து நிற்பதைச் சுருக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கு மேலும் ஒரு படி போக வேண்டும். முதல் உரிமத்தின்போது மட்டும் கண்டிப்பாக நடக்கும் அந்தச் சந்திப்பு, ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் அதே கண்டிப்போடு நடக்க வேண்டும். அங்கே கேட்கப்படும் கேள்விகளும் மாற வேண்டும்.

முதலில் சட்டத்தின் பழைய கறையைப் பேசிவிடலாம். இந்தியாவின் ஆயுதச் சட்டத்துக்கு நல்ல பிறப்பு இல்லை. லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது 1878-இல் கொண்டுவரப்பட்ட சட்டம், 1857-இன் அச்சம் தணியாத அரசு இந்தியர்களின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறிக்கப் போட்டது. ஐரோப்பியர்களுக்கு அதில் விலக்கு இருந்தது. ஒரே ஊரில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கேட்காமல் வைத்துக்கொண்டதை, அவருக்குக் கீழே வேலை செய்தவர் கைகட்டிக் கேட்க வேண்டியிருந்தது. அந்த அவமானத்தின் நினைவால்தான் 1931 கராச்சி காங்கிரஸ், அடிப்படை உரிமைகள் பற்றிய தன் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் சாசனத்தில் அந்த உரிமைக்கு இடம் கிடைக்கவில்லை. 1959-இல் நாடாளுமன்றம் புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது; 1962 அக்டோபர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இந்தப் புதிய சட்டம் பலர் நினைப்பதைவிட நியாயமானது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு உரிமம் மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். பொதுநலன் கருதி மறைக்க வேண்டியிருந்தாலொழிய, கேட்டால் அதைச் சுருக்கமாகத் தரவும் வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ நீளக்குழல் துப்பாக்கி கேட்பவருக்கும், பயிரைக் காக்க மருந்து கிட்டித்துச் சுடும் துப்பாக்கி கேட்பவருக்கும், தடை ஏதும் இல்லாதபோது உரிமம் தர வேண்டும் என்றே 13-ஆம் பிரிவு பேசுகிறது. ரிவால்வர், பிஸ்டல் போன்றவற்றுக்குத்தான் 'தக்க காரணம்' காட்ட வேண்டிய சுமை கூடுதல். சட்டத்தின் எழுத்தில் விண்ணப்பதாரர் கெஞ்சுகிறவர் அல்ல. அவரை நேரில் வரவழைப்பது தலைகுனிய வைப்பதற்கு என்று எந்த அதிகாரியாவது நினைத்தால், அவர் இன்னும் 1878-இன் சட்டத்தைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் நேரில் வருவதால் என்னதான் பயன்? இந்தக் கேள்விக்கு ஊகத்தைவிட உறுதியான பதில், துப்பாக்கிகள் மலிந்து கிடக்கும் அமெரிக்காவிலிருந்தே கிடைக்கிறது. மிசௌரி மாநிலத்தில் 1921 முதல் ஒரு சட்டம் இருந்தது. கைத்துப்பாக்கி வாங்க விரும்புபவர் தன் பகுதி ஷெரீஃப் அலுவலகத்துக்கு நேரில் போய் அனுமதி பெற வேண்டும். 2007 ஆகஸ்டில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். கடையில் வாங்கும்போது செய்யப்படும் கணினிவழிப் பின்னணிச் சோதனை அப்படியே இருந்தது. போனது ஷெரீஃபின் முன் வந்து நிற்கும் அந்த ஒரு கட்டாயமும், தனியாரிடம் வாங்கும்போதும் அனுமதி காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும்தான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் வெப்ஸ்டரும் அவரது சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, அதற்கடுத்த ஆண்டுகளில் மிசௌரியில் துப்பாக்கிக் கொலை விகிதம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கூடியதைக் காட்டியது. வேறு ஆயுதங்களால் நடந்த கொலைகளில் அப்படி ஏற்றம் இல்லை. கனெக்டிகட் மாநிலம் இதற்கு நேரெதிராகப் போனது. 1995-இல் அங்கே அனுமதியும் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயமாயின. முதல் பத்தாண்டுகளில் துப்பாக்கிக் கொலைகள், சட்டம் இல்லாதிருந்தால் எதிர்பார்க்கப்பட்டதைவிட சுமார் 40 சதவீதம் குறைந்தன என்று 2015-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. தற்கொலைகளிலும் இதே திசை தெரிந்தது: துப்பாக்கியால் நிகழ்ந்தவை கனெக்டிகட்டில் சுமார் 15 சதவீதம் குறைவு, மிசௌரியில் சுமார் 16 சதவீதம் அதிகம்.

இத்தகைய ஆய்வுகள் ஒன்றோடொன்று தொடர்பைக் காட்டுபவை. இதனால்தான் இது நடந்தது என்று அறுதியிட்டுச் சொல்பவை அல்ல. வேறு கால அளவில் கணக்கிட்டவர்களுக்கு வேறு சதவீதங்கள் கிடைத்தன. திசை மட்டும் மாறவில்லை. அது ஏன் என்று யோசித்தால் மனித இயல்பு விளங்கும். அடுத்தவருக்காகத் துப்பாக்கி வாங்கித் தருகிறவர் கடைக்காரரிடம் கூசாமல் பொய் சொல்லிவிடுவார். தன் ஊர்ப் போலீஸ் அதிகாரியின் எதிரில், கைரேகை வைத்துவிட்டு, அதே பொய்யைச் சொல்லத் தயங்குவார். ஆத்திரத்தில் வாங்க நினைத்தவருக்கு இரண்டு வாரத் தாமதமே போதும், அந்த ஆத்திரம் வடிந்துவிடும். உயிரை முடித்துக்கொள்ள நினைப்பவருக்கு அந்த இடைவெளி உயிரையே திருப்பித் தரக்கூடும். கணினி பழைய குற்றப்பதிவை மட்டுமே பார்க்கும். எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதர் கைநடுக்கத்தையும், காலை பத்து மணிக்கே வரும் சாராய நெடியையும், பக்கத்து நிலத்துக்காரரின் பெயர் வந்தவுடன் மாறும் குரலையும் கவனிப்பார்.

முகம் பார்க்காமல் உரிமம் தந்தால் என்னாகும் என்பதை அறிய அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை வழங்கப்பட்ட ஆயுத உரிமங்கள் குறித்து மத்தியப் புலனாய்வுத் துறை 2018-இல் வழக்குப் பதிந்தது. தகுதியில்லாதவர்களுக்கு, பணம் கைமாறி, 2.78 லட்சம் உரிமங்கள் வழங்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. இதன் நூலை முதலில் இழுத்தது ராஜஸ்தான் பயங்கரவாதத் தடுப்புப் படை. அந்த மாவட்டங்களில் குடியிருக்காத வெளிமாநிலத்தாரின் பெயரில், படைவீரர்கள் என்று காட்டி, துப்பாக்கி வியாபாரிகளும் அதிகாரிகளும் சேர்ந்து உரிமங்களை உற்பத்தி செய்தார்கள் என்று விசாரணை அமைப்புகள் கூறின. மாவட்ட ஆட்சியர் நிலையில் இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரிகளும் வழக்கில் சிக்கினார்கள். 2016 இறுதியில் நாடு முழுவதும் நடப்பில் இருந்த உரிமங்கள் சுமார் 33.7 லட்சம் என்பது உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. அதில் உத்தரப் பிரதேசம் ஒன்றே 12.77 லட்சம், அடுத்த இடம் 3.69 லட்சத்தோடு ஜம்மு காஷ்மீர். விண்ணப்பதாரர் தான் வசிக்கும் இடத்து அதிகாரியின் முன் நேரில் நின்றே தீர வேண்டும், அந்தச் சந்திப்பு தேதியோடும் கையெழுத்தோடும் பதிவாக வேண்டும் என்று இருந்திருந்தால், லட்சக்கணக்கில் இப்படிச் செய்திருக்க முடியாது. காகிதத்தை மூட்டை மூட்டையாகப் போலி செய்யலாம். ஆட்களை அப்படி வரிசையில் நிறுத்த முடியாது.

இங்கே பலமான மறுப்பு ஒன்று குறுக்கிடும். கொலை செய்கிறவன் ஆட்சியரிடம் மனுவா போடுகிறான்? இந்தியாவில் தனியாரிடம் ஏறத்தாழ 7.1 கோடி துப்பாக்கிகள் இருக்கலாம் என்றும், அவற்றில் பதிவானவை 97 லட்சம் என்றும் 2018-இல் வெளியான ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே மதிப்பிட்டது. துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பகுதி கள்ளத் துப்பாக்கிகளால் நடப்பவை என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளும் காட்டுகின்றன. உரிமமில்லாத ஆயுதங்களின் பெருக்கத்தை உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. 2022 ஜூலை 8 அன்று, உலகிலேயே மிகக் கடுமையான துப்பாக்கிச் சட்டங்களில் ஒன்றை வைத்திருக்கும் ஜப்பானில், முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைக் கொன்றது வீட்டில் செய்த துப்பாக்கி. இவ்வளவும் உண்மை. ஆனால் கள்ளத் துப்பாக்கியைப் பிடிப்பது ஒரு வேலை, நல்ல துப்பாக்கி தவறான கைக்குப் போகாமல் பார்ப்பது வேறு வேலை. முதல் வேலை அரைகுறையாக நடக்கிறது என்பது இரண்டாவதையும் கைவிடக் காரணமாகாது. மேலும், உரிமத் துப்பாக்கி தெருச் சண்டைக்கு அதிகம் வருவதில்லை; அது வீட்டுக்குள் இருக்கிறது. அதன் ஆபத்தும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. கொள்ளைக்காரனை நினைத்து வாங்கிய ஆயுதம் மனைவியின் மீதும், பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட தம்பியின் மீதும், கடன் கழுத்தை நெரிக்கும் இரவில் தன் மீதும் திரும்பக்கூடும். உரிம விசாரணை கண்டறிய வேண்டிய ஆபத்து இதுதான். குற்றப்பதிவேட்டில் பெரும்பாலும் இதற்குச் சுவடே இருக்காது.

இதனால்தான் கேட்கப்படும் கேள்விகள் மாற வேண்டும் என்கிறோம். இப்போதைய விசாரணை விண்ணப்பதாரரின் வெளியுலகத்தை நன்றாகவே துருவுகிறது: என்ன தொழில், எவ்வளவு வருமானம், பணம் எடுத்துக்கொண்டு எங்கே போய்வருகிறார், யாரால் மிரட்டல். துப்பாக்கி வைத்திருப்பது அந்தஸ்து என்று எண்ணும் வட்டாரங்களில் சொத்தும் சிபாரிசும் எடை பெறுகின்றன என்ற குறை நெடுங்காலமாக உண்டு. அவரது வீட்டுக்குள் இருப்பவர்களின் குரலுக்குப் படிவத்தில் இடமில்லை. கனடாவில் உரிமம் கேட்பவர், தன் வாழ்க்கைத் துணையின் கையெழுத்தையும், கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பிரிந்த துணை இருந்தால் அவருடைய கையெழுத்தையும் பெற வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் அதற்காகவே மனு தள்ளுபடி ஆகிவிடாது; ஆனால் அதிகாரிகள் அந்தத் துணைக்குத் தகவல் தந்தாக வேண்டும். அவருக்கு அச்சம் ஏதும் இருந்தால் சொல்ல அங்கே ஒரு கதவு திறக்கிறது. 1989-இல் மான்ட்ரியல் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு எழுந்த நீண்ட போராட்டத்தின் பின்புலத்தில் வந்த சட்டம் அது.

நமக்கு இது பொருந்துமா என்று கேட்பவர்கள் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில், 18 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில், 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். தேசிய அளவில் அது 29 சதவீதம். அவர்களில் எத்தனை பேர் ஸ்டேஷன் வரை போயிருப்பார்கள் என்று யோசித்தால், "இவர் மீது வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை" என்ற காவல்துறை அறிக்கையின் ஒற்றை வரிக்கு என்ன மதிப்பு என்பது புரியும். கணவர் பக்கத்தில் இல்லாதபோது, ஒரு பெண் அதிகாரி, "உங்கள் வீட்டில் துப்பாக்கி வருவதில் உங்களுக்குச் சம்மதமா? குடித்தால் எப்படி நடந்துகொள்வார்?" என்று கேட்டால் போதும். பல நூறு பக்கக் கோப்பு சொல்லாததை அந்த ஐந்து நிமிடம் சொல்லிவிடும். சொன்னவர் யார் என்பது கணவருக்குத் தெரியாமல் காப்பது அதிகாரியின் கடமை. மறுப்பதற்கான காரணத்தைப் பொதுநலன் கருதி வெளியிடாமல் இருக்கச் சட்டம் தந்திருக்கும் அதிகாரம் இப்படிப்பட்ட இடத்தில்தான் பயன்பட வேண்டும்.

வாதத்தின் மையமான புதுப்பித்தலுக்கு வருவோம். உரிமம் கேட்ட நாளில் ஒருவர் நல்லவராக இருந்திருக்கலாம். துப்பாக்கி வீட்டில் முப்பது ஆண்டுகள் இருக்கும். மனிதர் முப்பது ஆண்டுகள் அப்படியே இருப்பதில்லை. குடி கூடுகிறது, பார்வை மங்குகிறது, தொழில் நொடிக்கிறது, மகன் வளர்ந்து அலமாரிச் சாவி இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறான். 2019 டிசம்பரில் வந்த திருத்தம் சில நல்ல காரியங்களைச் செய்தது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதை, இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை பெறக்கூடிய குற்றமாக்கியது. ஆனால் அதே திருத்தம் உரிமத்தின் ஆயுளை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக நீட்டியது. உரிமதாரருக்கு வசதி, அலுவலகத்துக்கு வேலை மிச்சம். அரசு அவரைப் பார்க்கும் வாய்ப்பு மட்டும் அரிதாகிவிட்டது. அந்த ஐந்தாவது ஆண்டிலும் நடப்பது பெரும்பாலும் உரிமப் புத்தகத்தில் முத்திரை பதிக்கும் வேலையாகவே சுருங்கினால், முதல் நாள் விசாரணையின் கண்டிப்புக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

இங்கிலாந்தின் பிளிமத் நகரில் 2021 ஆகஸ்ட் 12 அன்று நடந்தது இதற்குக் கொடுமையான சாட்சி. உரிமம் பெற்ற துப்பாக்கியால் ஓர் இளைஞர் தன் தாயையும், மூன்று வயதுக் குழந்தை ஒன்றையும், வேறு மூவரையும் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். முந்தைய ஆண்டு பூங்காவில் இரண்டு சிறார்களை அவர் தாக்கியதால் போலீஸ் அவருடைய துப்பாக்கியையும் உரிமத்தையும் எடுத்து வைத்திருந்தது. 2021 ஜூலையில், சம்பவத்துக்குச் சில வாரங்கள் முன்பு, இரண்டையும் திருப்பித் தந்துவிட்டது. உரிமப் பிரிவில் வேலை செய்தவர்களுக்கு இந்த வேலைக்கான முறையான பயிற்சியே இல்லை என்பது 2023-இல் நடந்த மரண விசாரணையில் வெளிவந்தது. 1996-இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் கொன்றவரும் உரிமதாரரே. அவரிடம் ஆயுதம் இருக்கக் கூடாது என்று ஒரு காவல் அதிகாரி பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருந்தார். உரிமம் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் நேரில் பார்த்தவர் இருந்தார், எச்சரிக்கையும் இருந்தது. அதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் கோட்டைவிட்டார்கள். நேரில் வரவழைத்தால் மட்டும் போதாது, எதிரில் உட்காருகிறவருக்குப் பயிற்சியும், மறுக்கும் துணிவும், மறுத்தால் மேலிருந்து போன் வராது என்ற உறுதியும் வேண்டும்.

இந்தத் தொடர் கண்காணிப்பை வழக்கமாகவே ஆக்கிக்கொண்ட நாடு ஜப்பான். அங்கே துப்பாக்கி கேட்பவர் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துத் தேர்வில் தேற வேண்டும், சுடும் தளத்தில் திறனைக் காட்ட வேண்டும், மனநலச் சான்று பெற வேண்டும், போலீஸின் நேர்காணலுக்கு வர வேண்டும். துப்பாக்கிக்குத் தனிப் பெட்டகமும் தோட்டாவுக்குத் தனிப் பெட்டகமும் இருக்கின்றனவா என்று அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பார். உரிமம் மூன்று ஆண்டுகளுக்குத்தான். அந்த இடைவெளியிலும் ஆண்டுதோறும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வர வேண்டும். 75 வயதைத் தாண்டியவருக்கு நினைவாற்றல் சோதனை உண்டு. இதில் ஒரு பகுதி துயரத்தின் வழியாக வந்தது. 2007 டிசம்பரில் சசெபோ நகரின் விளையாட்டு மன்றத்தில் உரிமதாரர் ஒருவர் சுட்டு இருவர் இறந்தனர். அவரது நடத்தை குறித்து அக்கம்பக்கத்தார் முன்பே போலீஸில் சொல்லியிருந்தார்கள். மறு ஆண்டே சட்டம் இறுகியது. அதற்குப் பிறகும், 2023 மே மாதம் நாகானோவில் உரிமத் துப்பாக்கி வைத்திருந்தவர் இரண்டு போலீஸார் உட்பட நால்வரைக் கொன்றார். எந்த வடிகட்டியும் முழுமையானதல்ல என்பதை ஒப்புக்கொள்வோம். துப்பாக்கியால் சாகிறவர்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆண்டுகள் அந்த நாட்டில் வழக்கமாக இருப்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

நம் சட்டத்தில் இதற்கான விதை இல்லாமல் இல்லை. உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அதை வாரிசின் பெயருக்கு மாற்றிக்கொள்ள 2016 விதிகள் வழி செய்கின்றன. வயது ஏறுவது ஒரு விஷயம் என்று விதியை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் ஆட்சியரின் உத்தரவுப்படி உரிமத் துப்பாக்கிகள் ஸ்டேஷனில் ஒப்படைக்கப்படுவதும் நமக்குப் பழகிய காட்சிதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெரும்பாலான துப்பாக்கிகளும் அவற்றின் சொந்தக்காரர்களும் ஸ்டேஷன் வாசலுக்கு வந்துபோகிறார்கள். ரசீது எழுதி வாங்கி வைத்துத் திருப்பித் தருவதோடு முடியும் அந்த வேளையில், துப்பாக்கியின் எண் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா, வாங்கிய தோட்டாக்களுக்குக் கணக்கு இருக்கிறதா, ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்த்துக் குறித்துவைக்கத் தனிச் சட்டம் எதுவும் வேண்டாம்.

விவசாயிகள் தரப்பிலிருந்து ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். காட்டுப்பன்றி ஒரே இரவில் நிலக்கடலைக் காட்டையும் மரவள்ளியையும் உழுதுவிட்டுப் போகிறது; பயிரைக் காக்கத் துப்பாக்கி கேட்டால் ஆறு அலுவலகம் அலைய வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. அலைச்சலைக் குறைக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. காவல்துறை முப்பது நாளில் அறிக்கை தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை நடத்திக் காட்டட்டும். காகிதங்களை இணையத்தில் வாங்கிக்கொள்ளட்டும். வருவாய், வனம், காவல் மூன்றும் ஒரே நாளில் அந்த விவசாயியின் நிலத்துக்கு வந்து பார்க்கட்டும். ஆனால் குறித்த காலத்துக்குள் போலீஸ் அறிக்கை வராவிட்டால் அது இல்லாமலேயே உரிமம் தரலாம் என்று சட்டம் விட்டுவைத்திருக்கும் இடைவெளியை, தாமதத்துக்கு மருந்தாகக் கொள்ளக் கூடாது. மருந்து, தாமதித்த அதிகாரியைக் கேள்வி கேட்பது. பன்றிப் பிரச்சினைக்குத் துப்பாக்கியைப் பரவலாக்குவது ஒன்றே தீர்வுமல்ல. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வகுத்த முறையில், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைச் சுடும் பொறுப்பு பயிற்சி பெற்ற வனத்துறையினருக்கே தரப்பட்டிருக்கிறது. கேரளம் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி அதிகாரத்தைக் கொடுத்து, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பயன்படுத்துகிறது. எந்த வழியானாலும் சுடுகிறவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

குடகைச் சுட்டிக்காட்டுபவர்களும் உண்டு. அங்கே கொடவர்களுக்கும் ஜம்மா எனப்படும் பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு இருக்கிறது. 2029 வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021-இல் அதை ஏற்றது. கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக்கு மலர் சூட்டி வணங்குகிற, ஆயுதத்தை எப்படிக் கையாள்வது என்று பிள்ளைப் பருவத்திலேயே பெரியவர்கள் பழக்குகிற ஒரு சமூகத்தின் வழக்கம் அது. அங்கே ஊரும் குடும்பமும் செய்யும் கண்காணிப்பை, அப்படிப்பட்ட பிடிப்பு இல்லாத நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் யார் செய்வது? எதிர்வீட்டுக்காரரின் பெயரே தெரியாத இடத்தில் அரசு அதிகாரிதான் அதைச் செய்தாக வேண்டும்.

மிச்சமிருப்பது, இவ்வளவையும் செய்ய ஆள் எங்கே என்ற நிர்வாகக் கேள்வி. உத்தரப் பிரதேசத்தில் அது உண்மையிலேயே மலைப்பான கணக்கு. தமிழ்நாட்டின் நிலை வேறு. 2016 இறுதியின் அதே உள்துறைக் கணக்கில் தமிழ்நாட்டின் உரிமங்கள் சுமார் 22 ஆயிரத்து 500 தான். இன்று சற்றுக் கூடியிருந்தாலும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,500 பேர். 38 மாவட்டங்களுக்குப் பிரித்தால் ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 120 பேர், மாதத்துக்குப் பத்துப் பேர். திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் வரும் நூற்றுக்கணக்கான மனுக்களை ஒரே காலையில் வாங்கும் ஆட்சியர் அலுவலகம், மாதம் பத்துப் பேரைத் துப்பாக்கியோடும் உரிமப் புத்தகத்தோடும் வரச் சொல்லி, ஒரு மருத்துவரையும் பயிற்சி பெற்ற ஒரு பெண் காவல் அதிகாரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆளுக்கு அரைமணி நேரம் பேசலாம். அவர்கள் வீட்டுக்கும் அதே வாரத்தில் ஒருவரை அனுப்பலாம்.